வண்டு இறங்கிய தை

வானத்தில் நின்று வேவு பார்க்கிற ஆளில்லா விமானம் ஒன்றை எதிரி எப்படிக் கைப்பற்றுவான் என்று எங்கள் கம்பஸில் மின்னணுவியல் படிக்கிறவர்களைக் கேட்டால் இரண்டு வழி சொல்வார்கள். ஒன்று, சுட்டு விழுத்துவது. மற்றது, அதற்கும் அதன் வீட்டுக்கும் இடையே ஓடுகிற பேச்சை அறுத்துவிட்டு, அதைவிடப் பெரிய குரலில் "இதுதான் உன் வீடு, இறங்கு" என்று பொய் சொல்வது. இரண்டும் சரியாகவே இருக்கட்டும். ஆனால் எங்கள் சிப்பித்துறையில் அது இறங்கியது பொறாமையால். இதை நான் ஆமி அதிகாரிக்கு அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன், அவர் எழுதிவிட்டு, எழுதியதைப் பேனையால் வெட்டினார். வெட்டட்டும். பொறாமையைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் அந்தக் கரையில் யாராவது இருந்தால், அவர் வந்து மறுக்கட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

வண்டு என்று பெயர் வைத்தது ஊர்தான். காலை ஏழரைக்கு உப்பளப் பக்கமிருந்து வரும், பொழுதுபட முன் போய்விடும், இடையில் உள்ள நேரமெல்லாம் எங்கள் தலைகளுக்கு மேல் ஒரே சுருதியில் இரைந்துகொண்டு நிற்கும். முதல் வருடம் எல்லோரும் அதைக் கண்டு வீட்டுக்குள் ஓடினார்கள், இரண்டாம் வருடம் திட்டினார்கள், மூன்றாம் வருடம் கிணற்றடிகளுக்குக் கிடுகு வேய்ந்தார்கள், நான்காம் வருடம் "வண்டு வர முதல் வா" என்று நேரம் சொல்லத் தொடங்கினார்கள், ஐந்தாம் வருடம் அது மத்தியானத்துக்கு முன் மேற்கே சாய்ந்தால் கச்சான் காற்று வரும் என்று சொல்லி வள்ளங்களைக் கரையில் இழுத்துப் போட்டார்கள், ஆறாம் வருடம் பெண்கள் கடைக்குப் போகும்போது மேலே இருந்து பார்க்கிறதுக்குத் தெரியப்போவது வகிடு மட்டும்தானே என்று நேர்வகிடு எடுத்து, வகிட்டில் எண்ணெய் தடவி, பூவை உச்சியில் வைத்துக்கொண்டு போனார்கள். ஏழாம் வருடம் பொறாமை வந்தது.

"எங்கட வளவுக்கு மேல ஒருநாளாவது நிண்டதோ, சொல்லு பாப்பம்?" என்று ஒரு வீட்டு மனைவி புருஷனைக் கேட்பாள், ஏதோ அவன் கூப்பிடாதபடியால்தான் அது வராததுபோல. செல்வமலர் மாமியின் வீட்டுக்கு மேல் கடந்த தீபாவளிக்கு முன் அது மூன்று நாள் தொடர்ந்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு மாமி நடந்த நடை வேறு. மகளுக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தியபோது, "வண்டு மூண்டு நாள் நிண்ட வீடெல்லே" என்று தாமே சொன்னார். அவருடைய பக்கத்து வீட்டார், அது நின்றது சந்தேகத்தில்தான் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள். எங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிற ஒரு கண்ணுக்கு முன்னால் நாங்கள் வரிசையில் நின்று முந்தியடித்தோம் என்பதை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் அப்போது நானும் வகிடு எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன்.

என் அம்மா பவளராணி வகிடு எடுக்கவில்லை. அம்மா மேலே பார்த்தார்.

வண்டு எங்கள் ஊருக்கு முதன்முதல் வந்தது மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று பின்னேரம் என் அண்ணா நிரோஜன் இரவுச் சாப்பாட்டுக்குச் சந்தியில் பாண் வாங்கப் போனான். அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. சைக்கிளில் போனவன் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை, பாணும் வரவில்லை. சந்திக்கடைக்காரர் தான் உள்ளே மா அள்ளிக்கொண்டு நின்றதாகச் சொன்னார், எதிர்க்கடைக்காரர் கடை பூட்டி இருந்தது என்றார், முகாமில் அப்படியொருவரைக் காணவில்லை என்றார்கள், அரசாங்கக் கந்தோரில் படிவம் தந்தார்கள், அடுத்த வருடம் அதே படிவத்தை வேறு நிறத்தில் தந்தார்கள். சந்திக்கு நேர் மேலே வண்டு நின்றதை மட்டும் ஊர் முழுக்கக் கண்டிருந்தது.

"அப்ப அது கண்டிருக்கும்" என்றார் அம்மா. அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நாள் காலை ஏழரைக்கு முற்றத்தில் வந்து நின்று முகத்தை நிமிர்த்தினார், பிறகு பதினொரு வருடம் குனியவில்லை. மேலே பார்த்தபடி தேங்காய் துருவினார், மேலே பார்த்தபடி தண்ணீர் அள்ளினார், மீன் வெட்டும்போதுகூட விரல் தானாக வழி கண்டுபிடித்தது. வண்டு அசைந்தால் அம்மா அசைவார், அம்மா அசைந்தால் வண்டு அசையும், யார் யாரைப் பின்தொடர்கிறார்கள் என்று கேட்டால் நான் அம்மாதான் அதன் பின்னால் போகிறார் என்று சத்தியம் பண்ணியிருப்பேன்.

எங்கள் வீட்டு அல்பத்தை எடுத்துப் பாருங்கள். நான் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கில் பொன்மஞ்சள் கூறை, தலை நிறைய மல்லிகை, பக்கத்தில் அம்மா, முகம் வானத்தில். பள்ளிக்கூடப் பரிசளிப்பில் என் கையில் கிண்ணம், அம்மாவின் கழுத்து மட்டும் தெரிகிறது. உயர்தரப் பரீட்சையில் மூன்று ஏ எடுத்து ஓடிவந்து சொன்னபோது, "நல்லதடி பிள்ளை" என்று வானத்துக்குச் சொன்னார். என் அப்பா நான் பிறந்த வருடமே கடலில் போனவர், ஆகவே எனக்கென்று இருந்தது அந்த ஒரு சோடிக் கண்தான், அதையும் ஒரு இரும்பு எடுத்துக்கொண்டது.

இரும்பிடம் மட்டுமல்ல, அண்ணாவிடமும் எனக்குப் பொறாமை. சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் பொய். காணாமற்போன ஒருவனோடு யாரும் போட்டி போட முடியாது. அவன் பிழை விடமாட்டான், சோதனையில் கோட்டை விடமாட்டான், எதிர்த்துக் கதைக்கமாட்டான், சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவாமல் வைக்கமாட்டான். நான் இப்போது அவனைவிட மூன்று வயது மூத்தவள், ஆனாலும் மூத்த பிள்ளை அவன்தான், நல்ல பிள்ளை அவன்தான், அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்போது முதலில் வாயில் வருவது "நிரோ", பிறகுதான் "சாருகா".

இந்தத் தை விடுமுறைக்கு வந்தபோது நான் குணாளன் அண்ணையிடம் போனேன். அவர் கணவாய் பிடிக்கிறவர், தை பிறந்தால் பட்டம் கட்டுகிறவர்.

"அண்ணை, எனக்கொரு எட்டுமூலை வேணும். ஆளுயரம். விண் பூட்டி, வண்டு மாதிரியே கூவ வேணும்."

"பொம்பிளைப்பிள்ளை பட்டம் ஏத்தப் போறியோ?"

"ஏன், நூல் ஆம்பிளையளின்ர கையிலதான் நிப்பன் எண்டு சொன்னதோ?"

"ஐயோ தாயே, உன்னோட கதைச்சு வெல்ல நான் கம்பஸ் போகேல்ல. கட்டித் தாறன். ஆனா வண்டு மாதிரி எதுக்கு? ஒரு வண்டு காணாதோ இந்த ஊருக்கு?"

"அம்மா திரும்பிப் பார்க்க வேணும்."

அவர் பிறகு பகிடி விடவில்லை. மூங்கிலைச் சீவினார், சிவப்பும் மஞ்சளுமாக மெல்லிய ரிசுத்தாள் ஒட்டினார், விண் கூவ உச்சியில் வில் வளைத்து அதில் பார்சல் கட்டுகிற நாடாவை இழுத்துக் கட்டி, காற்றில் பிடித்துக் காதைச் சாய்த்துக் கேட்டு, இளக்கி, மறுபடி இழுத்து, கடைசியில் வண்டின் அதே சுருதி வந்ததும், "இந்தா, உன்ர மற்ற வண்டு" என்றார்.

தை மூன்றாம் நாள் பின்னேரம் எங்கள் வீட்டுக்கு முன்னால் உள்ள கடற்கரையில் ஏற்றினேன். காற்று அதை வாங்கிக்கொண்டது. கூவல் எழும்பியது. எங்கள் முற்றத்தில் வண்டைப் பார்த்தபடி நின்ற அம்மா அந்தச் சத்தத்துக்கு முகத்தைத் திருப்பினார். பதினொரு வருடத்தில் முதல்முறை.

"ஆரடி ஏத்தினது?"

"நான்தான் அம்மா!"

"நல்லாத்தான் கூவுது."

ஒரு முழு மணித்தியாலம் பார்த்தார். பட்டத்தைத்தான் பார்த்தார், என்னையல்ல, ஆனால் நூலின் இந்த முனையில் நான் இருந்தேன், அது எனக்குப் போதும் என்று இருந்தது. அப்போதுதான் வண்டு அசைந்து வந்து அம்மாவுக்கும் பட்டத்துக்கும் நடுவில் நின்றது. அம்மா இரண்டடி தள்ளி நின்று பட்டத்தைப் பார்த்தார். வண்டும் தள்ளி வந்தது.

அடுத்த நாள் அது சுருதியைக் கூட்டிப் பார்த்தது. பட்டம் குத்துக்கரணம் போட்டால் தானும் ஒரு பக்கம் சரிந்து போட முயன்றது, அதற்கு வரவில்லை, வெட்கத்தில் உப்பளம் வரை போய்த் திரும்பியது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "எடி சாருகா, உன்ர பட்டம் வண்டுக்குச் சக்களத்தியாப் போச்சு" என்றார் செல்வமலர் மாமி. மூன்றாம் நாள் அது வரவே இல்லை. ஏழரை மணி என்று தெரியாமல் பள்ளிக்கூடம் பிந்தித் தொடங்கியது, வள்ளங்கள் போவதா விடுவதா என்று முழித்தன, ஆட்கள் வெறும் வானத்தைப் பார்த்துத் தலைசுற்றுகிறது என்றார்கள், எல்லோரும் என்னைத் திட்டினார்கள். "பதினொரு வருஷம் ஒழுங்கா வந்த சீவன். உன்னாலதான் கோவிச்சுப் போட்டுது." அதற்காக நான் யாரோடெல்லாம் சண்டை பிடித்தேன் என்பதை இங்கே எழுதினால் கதை முடியாது.

நான்காம் நாள் வந்தது. பனை உயரத்துக்கு வந்தது, பிறகு முருங்கை உயரத்துக்கு, பிறகு உடுப்புக் காயப்போடும் கொடியின் உயரத்துக்கு. கடைசியில் அம்மாவின் காலடியில் மணலில் வயிற்றை வைத்து இறங்கி, இரைச்சலை நிறுத்தி, மூக்கை அவர் பெருவிரலில் வைத்தது. உடல் ஒரு கிடாய்க்குட்டி அளவு, இறக்கை இரண்டும் சேர்ந்து ஒரு தென்னோலை நீளம்.

"வந்திட்டியோ?" என்றார் அம்மா, கடைக்குப் போய்ப் பிந்தி வந்தவரைக் கேட்பதுபோல. பிறகு என்னிடம், "வெயிலில கொதிச்சுப் போச்சடி. வேப்பமரத்துக்குக் கீழ வைப்பம், பிடி."

பட்டத்தின் நூல் அப்போதும் என் கையில் இருந்தது. ஒருவரும் பட்டத்தைப் பார்க்கவில்லை.

ஊர் வந்தது. இளநீர் கொண்டுவந்தார்கள், மிளகாய் சுற்றிக் கண்ணூறு கழித்தார்கள், இறக்கையில் தும்பு ஒட்டியிருக்கிறது என்று துடைத்தார்கள். குணாளன் அண்ணை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது கணவாய்க் கதைதான்" என்றார். "கூட்டுக்குள்ள இலைக்கொப்பு கட்டி இறக்கினா, கணவாய் தன்ர வீடெண்டு நினைச்சுத் தானா உள்ளுக்கு வரும். இதுவும் எதையோ வீடெண்டு நினைச்சிருக்கு." இயந்திரம் தெரிந்தவர் என்பதால் வாலில் இருந்த காற்றாடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வயிற்றில் இருந்த கண்ணுக்குள் வெளிச்சம் வந்தது. குனிந்து பார்த்தால் முந்தாநாள் உள்ளே ஓடியது. இன்னொரு சுற்று, அதற்கு முதல் நாள். ஒரு சுற்றுக்கு ஒரு நாள், பின்னோக்கி மட்டும். மற்றப் பக்கம் சுற்றினால் நகராது, சுற்றிய நாள் திரும்பி வராது.

ஊர் முண்டியடித்துத் தன்னைத் தேடியது. தெரிந்ததெல்லாம் தலைகள். வகிடுகள், கொண்டைகள், வழுக்கைகள், பூக்கள். "இது என்ர தலையோ, உன்ர தலையோ?" என்று புருஷனும் மனைவியும் சண்டை பிடித்தார்கள். அத்தனை தலைகளுக்கு நடுவே, ஒவ்வொரு நாளிலும், சரி நடுவில், ஒரே ஒரு முகம் இருந்தது. நிமிர்ந்த, வெயிலில் கண்ணைச் சுருக்கிய என் அம்மாவின் முகம். பதினொரு வருடம் பறந்து திரிந்த அந்தச் சீவன் பூமியில் கண்ட முகம் அது ஒன்றுதான்.

செல்வமலர் மாமி தன் மூன்று நாளுக்காகக் காத்திருந்து பார்த்தார். அந்த மூன்று நாளும் அம்மா அவருடைய கொல்லையில் தீபாவளிப் பலகாரத்துக்கு மா இடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மாமி எழும்பினார், சேலையை உதறினார், "மா இடிச்சதுக்கு அண்டைக்கே சம்பளம் தந்தனான்" என்று சொல்லிவிட்டுப் போனார். பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். மரியாதையானவர், தமிழ் தெரிந்தவர். கையில் கடிதம்.

"தங்கச்சி, எப்படி இறக்கினீங்க? என்ன கருவி?"

"பட்டம் சேர்."

"பட்டம்?"

"எட்டுமூலை. அதுக்குப் பொறாமை வந்திட்டுது."

அப்போதுதான் எழுதிவிட்டு வெட்டினார். நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன். மேற்படி விமானம் எதிரியினால் கைப்பற்றப்பட்டுள்ளது என்று இருந்தது.

"எதிரி ஆர் சேர்? எங்கட வீட்டில ரெண்டு பேர். நானோ, அம்மாவோ?"

"அது பொதுவான சொல் தங்கச்சி."

"பொதுவான சொல்லெண்டா உங்கட பேரையும் எழுதலாமே?"

அவர் நான்கு பேரை வைத்து அதைத் தூக்கச் சொன்னார். அம்மாவைவிட்டு நாலடி நகர்த்தியதும் அது தேன்கூடு கலைந்ததுபோல் இரைந்து துடித்தது, பயந்து கீழே வைத்தார்கள். மூன்றாம் நாள் பின்னேரம் நான்கு மணிக்கு லொறியும் அதைக் கழற்றத் தெரிந்த ஆட்களும் வருவார்கள், அதுவரை ஒருவரும் தொடக்கூடாது என்று சொல்லி, படலையில் ஒரு சிப்பாயைக் காவல் வைத்துவிட்டுப் போனார். சிப்பாய் மத்தியானம்வரை பொறுத்தான். பிறகு வந்து குனிந்து பார்த்தான், வெகுநேரம் பார்த்தான். "எங்க ஊருக்கு மேல இது போகேல்ல. எங்க அம்மாவை இது பார்க்கேல்ல" என்றான். அது பொறாமையின் குரல், நான் எங்கு கேட்டாலும் இனங்காண்பேன். அவன் திரும்பிப் போய்ப் படலையில் நின்று தெருவைப் பார்த்தான், பிறகு எங்களைத் தடுக்கவில்லை.

அண்ணா காணாமற்போன செவ்வாய்க்கிழமை வண்டின் முதல் நாள். ஆகவே சுற்றில் அது கடைசி. ஊர் சுற்றித் தீர்த்தது போகக் கணக்கிட்டேன், மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு சுற்று. மூன்று நாள். கண்ணைப் பார்க்காமல் சுற்றினால் ஒரே நாளில் முடியும். அம்மா மணலில் குந்தினார், காற்றாடியில் விரலை வைத்தார்.

எனக்கென்ன என்று நான் ஒதுங்கி இருந்தேன். மறுபடி அண்ணாவிடம்தான் போகிறார், இடையில் உள்ள என் பதினொரு வருடமும் அவனுக்குப் போகிற பாதையில் கிடக்கிற மணல் என்று வயிறு எரிந்தது. ஆனால் அம்மா சுற்றிய வேகத்தைக் கண்டதும் எழும்பி வந்தேன்.

"அம்மா, கெதியாச் சுத்துங்கோ. இப்பிடிப் போனா நாலு மணிக்கு முடியாது."

"பொறடி. இதில நீ சைக்கிளால விழுந்தனி. முழங்கால் பார், சிவப்பாத் தெரியுது."

"எனக்குத் தெரியும். நான்தானே விழுந்தது. சுத்துங்கோ."

"இந்த மஞ்சள் சட்டை எங்க இப்ப?"

"கிழிஞ்சு போச்சு. சுத்துங்கோ அம்மா!"

ஒரு கறுத்தத் தலை கம்பஸ் பஸ்ஸுக்கு நடக்கிறது, பஸ் ஏறுகிறது, அம்மா நிறுத்தி வைத்துப் பார்க்கிறார். அதே தலை இரட்டைப் பின்னலாகிறது, சின்னதாகிறது, வெள்ளைச் சட்டை போடுகிறது. பார்த்து முடித்தபின்தான் விரல் அசையும். என் கண்ணெதிரே நான் வயது குறைந்து கீழிறங்கிக்கொண்டிருந்தேன், அம்மா ஒவ்வொரு நாளாக என்னை வாங்கிக்கொண்டிருந்தார், நான் என் வாயால் "கெதியா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதைவிட இனிப்பான பொய்யை நான் சொன்னதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் எழுநூற்றுப் பதினெட்டுச் சுற்று மிச்சம். அம்மா எழும்பினார்.

"முழுகிப்போட்டு வாறன். அவனைப் பார்க்கிறதுக்கு இந்த ஊத்தையோட இருக்கேலாது."

"இப்பவோ அம்மா?"

"நீ சுத்திக்கொண்டிரு. அவன் கிட்ட வந்ததும் கூப்பிடு."

கிணற்றடியில் அரப்பு இடிக்கிற சத்தம் கேட்டது. நான் தனியே. காற்றாடி என் விரலில். எழுநூற்றுப் பதினெட்டு என்பது ஒரு மணித்தியால வேலை. ஒரு மணித்தியாலத்தில் அம்மா ஈரத்தலையோடு வந்து குனிந்தால் சந்தி தெரியும், சைக்கிள் தெரியும், யார் வந்து அவன் பக்கத்தில் நிறுத்தினார்கள், எந்தப் பக்கம் கொண்டுபோனார்கள் என்று தெரியும், நிறம் மாறுகிற படிவங்கள் முடியும்.

ஆனால் அந்த எழுநூற்றுப் பதினெட்டுக்குள் என் சாமத்தியச் சடங்கு இருந்தது. நான் சுற்றினால் அந்த நாள் போய்விடும், அம்மா பார்க்கமாட்டார். அல்பத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற அந்த நாளை, ஒருமுறை, ஒரேயொருமுறை, அவர் குனிந்து பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். பார்த்தீர்களா, பார்க்கவில்லை நீங்கள், என்று சொல்லிக்காட்ட வேண்டும் என்று நினைத்தேன். நான் விரலை எடுத்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, அரப்பு இடிக்கிற சத்தம் நின்று, வாளி விழுகிற சத்தம் நின்று, சேலை உதறுகிற சத்தம் கேட்கும்வரை சும்மா இருந்தேன். சிப்பாய் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவனுக்கு விளங்கியிருக்கும்.

அம்மா கரை வைத்த சேலையில், முதுகில் ஈரம் சொட்டச் சொட்ட வந்து குந்தினார். எவ்வளவு மிச்சம் என்று கேட்கவில்லை. சுற்றத் தொடங்கினார். நூற்றேழு சுற்றில் அந்த நாள் வந்தது. பந்தல், வாழைமரம், வட்டமாகத் தலைகள், நடுவில் பொன்மஞ்சள், அதன் பக்கத்தில் நிமிர்ந்த முகம்.

"பாருங்கோ" என்றேன். "என்ர சடங்குக்கும் நீங்கள் அவனைத்தான் தேடினியள். ஒருக்காலாவது என்னைப் பார்த்தியளோ?"

அம்மா விளங்காதவர்போல் என்னைப் பார்த்தார்.

"எடி விசரி. அது உன்னைப் பார்க்காமல் இருக்கத்தானே நான் அதைப் பார்த்தனான்."

"என்ன?"

"ஒரு பிள்ளையை அது பார்த்தது. அண்டைக்கே அவன் போயிட்டான். அதுக்குப் பிறகு அது என்ர முகத்தையே பார்த்துக்கொண்டு நிக்கட்டும், நீ எங்க போறாய், எங்க வாறாய் எண்டு அதுக்குத் தெரிய வேண்டாம் எண்டு நிண்டன். கழுத்து நோகாமலே நிண்டனான் எண்டு நினைச்சியோ?" மறுபடி கண்ணில் குனிந்து விரலால் காட்டினார். "இஞ்ச பார். என்ர கையைப் பார்."

பார்த்தேன். முகம் வானத்தில் இருந்தது. வலது கை சேலைத் தலைப்பை இழுத்து, பொன்மஞ்சள் கூறையின் தலைக்கு மேல் கூரைபோல் பிடித்துக்கொண்டு நின்றது. சடங்கு முடியும்வரை, ஆலத்தி எடுத்து, படம் எடுத்து, சனம் சாப்பிட்டு எழும்பும்வரை, அந்தக் கை இறங்கவில்லை. அல்பத்துப் படங்களிலும் அந்தக் கை இருந்திருக்கும், நான் முகத்தை மட்டும் பார்த்திருந்தேன்.

அந்த நாளை நாங்கள் இரண்டுபேரும் முழுதாகப் பார்த்தோம். சுற்றச் சொல்லி நான் சொல்லவில்லை. லொறி வந்து படலையில் நின்றபோதுதான் அம்மா நிமிர்ந்தார்.

அறுநூற்றுப் பதினொரு சுற்று மிச்சம்.

"சேர், ஒரு மணித்தியாலம்" என்றேன். சட்டம் கதைத்தேன், மனித உரிமை கதைத்தேன், பிறகு அழுதேன். அதிகாரி மணிக்கூட்டைக் காட்டினார். கழற்றத் தெரிந்தவர்கள் முதலில் கண்ணைக் கழற்றித் துணியில் சுற்றினார்கள். கண் போனபின் அது துடிக்கவில்லை, எங்கு தூக்கினாலும் போனது. அம்மா லொறி வரை நடந்து போய் அதன் மூக்கைத் தடவிவிட்டார். "போயிட்டு வா" என்றார்.

அவர்களுடைய அறிக்கையில் அது தை ஆறாம் நாள் கைப்பற்றப்பட்டது என்று இருக்கும். அதுவும் பிழை. பதினொரு வருடத்துக்கு முன்பு, ஒரு புதன்கிழமை காலை ஏழரைக்கு, ஒரு முகத்தைக் காட்டி அதைக் கைப்பற்றியது என் அம்மா. அந்த முகத்தைத்தான் அது வீடென்று நினைத்தது. நான் நடுவில் ஒரு பட்டத்தை விட்டுக் குழப்பியவள்.

இரண்டு கிழமை கழித்து, சோறு போட்டுக்கொண்டு நின்ற அம்மா கேட்டார்.

"நான் முழுகப் போன நேரம் நீ என்ன செய்தனி?"

"ஒண்டும் செய்யேல்ல."

"ஒண்டுமே செய்யேல்லையோ?"

"இல்லை அம்மா."

அவர் என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார், மீனின் நடுத்துண்டைத் தேடி எடுத்து வைத்தார், நான் சாப்பிட்டு முடியும்வரை முன்னால் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு வருடம் நான் கேட்டதெல்லாம் அதுதான். நான் கோப்பையை விட்டு நிமிரவில்லை.

மாசி பிறந்ததும் வண்டு திரும்பி வந்துவிட்டது. அதேதான், இரைச்சலில் தெரியும், கண் மட்டும் அதே கண்ணோ தெரியாது. இப்போது உயரமாக நிற்கிறது, பட்டங்களைப் பார்க்காதே என்று கட்டளை போட்டிருப்பார்கள். ஊர் பழையபடி மணி பார்க்கிறது, வள்ளம் இறக்குகிறது. அம்மா மேலே பார்ப்பதில்லை, குனிந்து மிளகாய் காயப்போடுகிறார், கழுத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொல்கிறார்.

காலை ஏழரைக்கு முற்றத்தில் நிற்பது நான். கம்பஸுக்கு லீவு சொல்லிவிட்டேன். முகத்தை நிமிர்த்தி, வெயிலில் கண்ணைச் சுருக்கி நிற்கிறேன், அது அம்மாவைத் தேடிச் சரிந்தால் நானும் சரிகிறேன். இன்னும் என்னை அதற்குப் பழக்கமில்லை, பழகினால் இறங்கும், அறுநூற்றுப் பதினொரு சுற்று மிச்சம் இருக்கிறது. குணாளன் அண்ணை அடுத்த தைக்கு இப்போதே மூங்கில் ஊறப்போட்டிருக்கிறார்.

"எடி நிரோ" என்று அடுப்படியிலிருந்து அம்மா கூப்பிடுகிறார், பிறகு, "சாருகா. கீழ பார்த்து நில்லடி, கழுத்து நோகும்."

நான் கீழே பார்க்கவில்லை.